பெர்தாங்கிள்: ஒரு சிற்றூரும் இரு வானவீரர்களும்

வட பிரான்சின் அமியேன் நகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் பெர்தாங்கிள் என்னும் சிற்றூரை அடையலாம். சோம் ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சோம் மாவட்டத்தைச் சேர்ந்தது அவ்வூர். சுண்ணாம்புக் கல்லின்மேல் படிந்த வளமான மண், கோதுமையும் சர்க்கரை எடுக்கப் பயன்படும் பீட் கிழங்கும் விளையும் பரந்த வயல்கள், ஒரு தேவாலயம், ஓர் இடுகாடு, சில நூறு பேர் வாழும் வீடுகள். 18 ஆம் நூற்றாண்டில் கிளெர்மோன்-தொன்னேர் என்னும் பிரபுக் குடும்பத்தார் எழுப்பிய மாளிகை ஒன்றுதான் ஊரின் அளவுக்கு மீறிப் பெரிதாய்த் தோன்றும். நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய ஊர்களின் பக்கம் திரும்புவது அரிது. ஆயினும் முதல் உலகப் போரின்போது, வானப்போர் என்னும் புதிய போர்முறை பிறந்து வளர்ந்த நாள்களில், அதன் தலைசிறந்த வீரர் இருவரின் முடிவு இச்சிற்றூரோடு பிணைந்துவிட்டது. ஒருவர் இங்கிருந்து பறந்து சென்று திரும்பி வராதவர். மற்றவர் பகைவராய்ப் பறந்து, பிணமாய் இவ்வூருக்கு வந்து சேர்ந்தவர். முன்னவரைக் கொன்றவர் பின்னவரே.

வானூர்திகளுக்கு இந்த உழவர் ஊரில் என்ன வேலை என்னும் கேள்வி எழலாம். 1914 ஆம் ஆண்டின் இறுதியில் மேற்குப் போர்முனை அசைவின்றி நின்றுவிட்டது. கடற்கரை தொடங்கிச் சுவிட்சர்லாந்தின் எல்லை வரை இரு தரப்பினரும் அகழிகள் வெட்டி, முள்வேலி கட்டி, ஒருவரையொருவர் எதிர்நோக்கிக் கிடந்தனர். முன்னாளில் குதிரைப்படை செய்துவந்த வேவுப்பணி இயலாததாயிற்று. வேலிக்கு அப்பால் பகைவர் எங்கே பீரங்கி வைத்திருக்கின்றனர், எங்கே படை திரட்டுகின்றனர் என்பதை வானிலிருந்துதான் காண முடிந்தது. விமானம் படைக்குக் கண்ணாயிற்று. பகைவனின் கண்ணைக் குருடாக்க வேண்டும் என்னும் எண்ணத்திலிருந்தே போர் விமானம் பிறந்தது. மரச்சட்டமும் துணியும் கம்பியும் கொண்டு செய்யப்பட்ட அக்கால விமானங்களுக்குச் சிமிந்தியால் ஆன ஓடுதளம் தேவைப்படவில்லை. நீர் தேங்காத சமவெளி, சாலை வசதி, பகைவரின் பீரங்கிக்கு எட்டாத தொலைவு ஆகிய மூன்றும் போதும். பெர்தாங்கிள் வயல்களில் அவை மூன்றும் இருந்தன. ஏர் ஓட்டிய நிலத்தில் கித்தான் கொட்டகைகள் எழுந்தன. போர் தன் வசதி கருதியே அவ்வூரைத் தேர்ந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்; ஊரார் போரைத் தேர்ந்ததில்லை.

1916 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பிரிட்டிஷ் வான்படையின் 24 ஆம் படையணி பெர்தாங்கிளுக்கு வந்தது. முழுவதும் ஒற்றை இருக்கைப் போர் விமானங்களைக் கொண்டு பிரிட்டன் அமைத்த முதல் படையணி அது. அதன் தலைவர் மேஜர் லானோ ஹாக்கர். 1890 இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் பிறந்தவர். 1915 ஜூலை 25 ஆம் நாள் தனியொருவராய் மூன்று ஜெர்மானிய விமானங்களை எதிர்த்துப் போரிட்டமைக்காக விக்டோரியா சிலுவை விருது பெற்றவர். படையணித் தலைவர்கள் போர்முனையைக் கடந்து பறத்தல் கூடாது என்னும் கட்டுப்பாடு இருந்தும், வாய்ப்பு நேரும்போதெல்லாம் தம் கீழ்ப்பணியாற்றிய இளைஞர்களோடு அவரும் பறந்தார். கண்ணில் படும் பகை விமானம் எதுவாயினும் தாக்குக என்பதே அவர் தம் விமானிகளுக்கு இட்ட சுருக்கமான கட்டளை.

அவர்கள் ஓட்டிய டி.எச். 2 என்னும் விமானம் இன்றைய கண்ணுக்கு விந்தையானது. இயந்திரமும் சுழலியும் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முன்னால் ஓர் இயந்திரத் துப்பாக்கியோடு, காற்றையும் குளிரையும் நேரே ஏற்றுக்கொண்டு விமானி அமர்ந்திருப்பார். சுழலும் இறக்கைகளுக்கு இடையே குண்டு செலுத்தும் பொறியை அப்போது ஜெர்மானியர் கையாண்டு வந்தனர். அப்பொறி இல்லாத குறையைப் போக்கவே சுழலியைப் பின்னுக்குத் தள்ளி இவ்விமானத்தை வடிவமைத்தார் ஜெப்ரி டி ஹாவிலண்ட். 1916 இன் முற்பகுதியில் அது பகைவரை வென்றது. ஜூலை முதல் நாள் தொடங்கிய சோம் பெரும்போரில், ஒரே நாளில் பிரிட்டிஷ் படையினர் 19,240 பேர் தரையில் மாண்டனர். ஆனால் அப்போர்க்களத்தின் மேலிருந்த வானம் அந்தக் கோடைக் காலத்தில் பெரும்பாலும் பிரிட்டிஷாரின் வசமே இருந்தது. பெர்தாங்கிள் விமானிகளுக்கு அதில் பெரும் பங்குண்டு.

இலையுதிர் காலத்தில் நிலைமை மாறிற்று. ஒஸ்வால்ட் பெல்கே என்னும் ஜெர்மானிய வீரர், தாமே தேர்ந்தெடுத்த இளைஞர்களைக் கொண்டு புதிய படையணியை உருவாக்கினார். வானப்போருக்கென முதன்முதலில் விதிகள் வகுத்தவர் அவர். பகைவரின் நிலத்தின்மேல் பறக்கும்போது தன் பின்வாங்கும் வழியை மறவாதே என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவருடைய மாணவருள் ஒருவர்தாம் மான்பிரெட் வான் ரிச்தோபென். 1916 அக்டோபர் 28 ஆம் நாள், பெர்தாங்கிளிலிருந்து சென்ற 24 ஆம் படையணியின் இரு விமானங்களோடு பொருதுகையில், பெல்கேயின் விமானம் அவருடைய நண்பரின் விமானத்தோடே உராய்ந்து வீழ்ந்தது. 40 வெற்றிகளைப் பெற்ற அவ்வாசான் தம் 25 ஆம் வயதில் மறைந்தார். பிரிட்டிஷ் விமானிகள் அவருக்காக மலர்வளையம் ஒன்றை ஜெர்மானியர் பக்கம் வானிலிருந்து இட்டுச் சென்றனர்.

ஒரு திங்கள் கழியுமுன் அந்த ஆசானின் மாணவரும் பெர்தாங்கிளின் தலைவரும் எதிரெதிரே சந்தித்தனர். 1916 நவம்பர் 23 ஆம் நாள் பிற்பகல். கேப்டன் ஒருவரின் தலைமையில் சென்ற சிறு குழுவில், படையணித் தலைவராகிய ஹாக்கர் சாதாரண விமானியாய் இடம்பெற்றிருந்தார். பெர்தாங்கிளுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பப்போம் நகருக்கருகே ஜெர்மானிய விமானங்களோடு கைகலப்பு நேர்ந்தது. குழுவினர் சிதறியபின் இருவர் மட்டும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றிப் பொருதனர். ரிச்தோபெனின் அல்பட்ராஸ் விமானம் விரைவு மிக்கது. இரு துப்பாக்கிகள் கொண்டது. ஹாக்கரின் விமானம் மெதுவானது. ஆனால் குறுகிய வட்டத்தில் திரும்பக்கூடியது. வட்டமிட்டபடியே இருவரும் கீழிறங்கினர். போரின் நடுவே ஹாக்கர் தம்மை நோக்கிக் கையசைத்தார் என்று ரிச்தோபென் பின்னர் எழுதியிருக்கிறார்.

அவ்வேளையில் மூன்றாவது பகையொன்றும் ஹாக்கரை எதிர்த்தது. அதுதான் காற்று. அந்நிலத்தில் வழக்கமாக வீசும் மேலைக்காற்று, ஒவ்வொரு வட்டத்தின்போதும் இருவரையும் கிழக்கே, ஜெர்மானியரின் எல்லைக்குள் தள்ளிச் சென்றது. எரிபொருள் குறைந்துவந்தது. ஏறத்தாழ அரைமணி நேரப் போருக்குப் பின், மரங்களின் உயரத்துக்கு இறங்கிய நிலையில், ஹாக்கர் வட்டத்தை விட்டு விலகித் தம் எல்லையை நோக்கி வளைந்து வளைந்து விரைந்தார். ரிச்தோபென் அன்று செலவழித்த குண்டுகள் 900. துப்பாக்கி சிறிது நேரம் அடைத்துக்கொண்டது. மீண்டும் இயங்கியபோது ஒரு குண்டு ஹாக்கரின் தலையில் பாய்ந்தது. ரிச்தோபெனுக்கு அது 11 ஆம் வெற்றி. வீழ்ந்த விமானத்தின் துப்பாக்கியை அவர் தம் அறை வாயிலின் மேல் மாட்டிவைத்தார். ஹாக்கரை ஜெர்மானிய வீரர்கள் விமானத்தின் அருகிலேயே புதைத்தனர். பின்னர் நிகழ்ந்த போர்களில் அந்தப் புதைகுழி அழிந்துபோயிற்று.

அதன்பின் 24 ஆம் படையணி இவ்வூரைவிட்டு நீங்கியது. ரிச்தோபெனின் புகழோ நாளும் வளர்ந்தது. சிவப்பு வண்ணம் பூசிய விமானத்தில் பறந்தமையால் செம்பிரபு என்று பின்னாளில் உலகம் அவரை அழைத்தது. 1918 மார்ச் 21 ஆம் நாள் ஜெர்மனி தன் இறுதிப் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. அதன் இலக்குகளுள் அமியேன் நகரும் ஒன்று. அந்நகரத்து மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறினர். மூட்டைகளும் முதியோரும் குழந்தைகளும் ஏற்றிய வண்டிகள் சாலைகளை நிறைத்தன. பகலில் தொலைவிலிருந்து பீரங்கிக் குண்டுகளும், இரவில் வானிலிருந்து வெடிகுண்டுகளும் விழுந்தன. கோடையில் கிட்டாத வெற்றியை அகழிகளில் தேடிக்கொண்டிருந்த போர், இப்போது பெர்தாங்கிளின் வாயிற்படிக்கே வந்துவிட்டது எனலாம். அவ்வூர் வயல்களில் பிரிட்டிஷ் வான்படையின் 209 ஆம் படையணி கேமல் விமானங்களோடு தங்கியிருந்தது. மூன்று கிலோமீட்டர் அளவே தள்ளியிருந்த பூலேன்வில் ஊரில் ஆஸ்திரேலிய வான்படையின் 3 ஆம் படையணி இருந்தது.

ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. 209 ஆம் படையணியினர் பெர்தாங்கிளிலிருந்து எழுந்தனர். ரிச்தோபெனும் குழுவினரும் கிழக்கேயுள்ள கப்பி என்னும் ஊரிலிருந்து எழுந்தனர். முந்திய நாள்தான் ரிச்தோபென் தம் 79 ஆம், 80 ஆம் வெற்றிகளைப் பெற்றிருந்தார். கனடா நாட்டவரான கேப்டன் ராய் பிரௌன் தம் பழைய பள்ளித் தோழரும் போருக்குப் புதியவருமான வில்பிரிட் மே என்பவரை, சண்டையில் கலவாமல் ஒதுங்கியிருக்கப் பணித்திருந்தார். இளமைத் துடிப்பால் மே கலந்துகொண்டார். துப்பாக்கி அடைத்துக்கொள்ளவே தாழப் பறந்து ஓடினார். அவரைச் சிவப்பு விமானம் துரத்தியது. சோம் பள்ளத்தாக்கின் வழியே, தரையை ஒட்டி, தன் எல்லையைக் கடந்து, ஆஸ்திரேலியப் படையினரின் துப்பாக்கிகளுக்கு நேர் மேலே அது சென்றது. பின்வாங்கும் வழியை மறவாதே என்று பெல்கே கற்பித்ததை அவருடைய தலைமாணாக்கர் அன்று மறந்தார்.

அன்று காற்றும் திசை மாறியிருந்தது. வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கிலிருந்து வீசிய காற்று, ரிச்தோபெனை அவர் அறிந்ததைவிட மேற்கே தள்ளிச் சென்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1916 இல் ஹாக்கரைப் பகைவர் எல்லைக்குள் தள்ளியது மேலைக்காற்று. 1918 இல் ரிச்தோபெனைத் தள்ளியது கீழைக்காற்று. முற்பகல் 10.45 மணியை ஒட்டி, கோர்பி நகருக்கருகே சாலையோர வயலில் சிவப்பு விமானம் இறங்கி நின்றது. ஒரே ஒரு குண்டு அவருடைய மார்பை ஊடுருவியிருந்தது. வயது இருபத்தைந்து, இருபத்தாறு நிறையப் பதினொரு நாள்களே எஞ்சியிருந்தன.

அந்த ஒரு குண்டு யாருடையது என்னும் வழக்கு இன்னும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை. பின்னாலிருந்து தாக்கிய பிரௌனுக்கே வெற்றி உரியது என்று வான்படை அறிவித்தது. தரையிலிருந்து சுட்ட ஆஸ்திரேலியரோ தமக்கே உரியது என்றனர். விமானங்களிலும் தரையிலும் பயன்பட்டவை ஒரே அளவுக் குண்டுகளாதலால் குண்டைக்கொண்டு முடிவு காண இயலவில்லை. உடலை மேலோட்டமாக ஆராய்ந்த மருத்துவர்களும் ஒருமித்துக் கூறவில்லை. பிற்கால ஆய்வாளர்கள் காயத்தையே சான்றாகக் கொண்டனர். குண்டு வலப்பக்கத்தில் அக்குளுக்குக் கீழே நுழைந்து, மேல்நோக்கிச் சென்று, இடப்பக்க மார்பில் வெளிப்பட்டது. பிரௌன் தாக்கியது இடப்பக்கத்துக்கு மேலிருந்து. மேலும், அத்தகைய காயம் பட்டவர் சில நொடிகளுக்குமேல் விமானத்தை ஓட்டியிருக்க முடியாது. பிரௌன் விலகிய பின்னரும் துரத்தல் தொடர்ந்தது. ஆகவே, தரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்ட சார்ஜண்ட் செட்ரிக் பாப்கின் என்னும் ஆஸ்திரேலியரின் குண்டாக இருத்தல் கூடும் என்பதே பெரும்பாலோர் துணியும் முடிவு. அதிகார முத்திரை பெற்ற அறிக்கையும் சான்றின்முன் தலைவணங்க நேரும் என்பதற்கு வரலாறு பயிலும் மாணவர் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பொழுது சாய்வதற்குள் விமானத்தின் துணியையும் உறுப்புகளையும் நினைவுப்பொருள் வேட்டையாடுவோர் பிய்த்தெடுத்துவிட்டனர். அதன் இயந்திரம் இலண்டன் போர் அருங்காட்சியகத்தையும், இருக்கை கனடாவின் டொரொண்டோ நகரையும், இயக்குகோல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரையும் சென்றடைந்தன. உடல் பூலேன்வில் விமானத்தளத்துக்கும், மறுநாள் ஏப்ரல் 22 ஆம் நாள் பிற்பகலில் பெர்தாங்கிள் இடுகாட்டுக்கும் கொண்டுசெல்லப்பட்டது.

அந்த அடக்கம் ஒளிப்படமாகவும் திரைப்படச் சுருளாகவும் பதிவாயிற்று. ஆஸ்திரேலிய விமான அதிகாரிகள் அறுவர் பெட்டியைத் தோளில் சுமந்தனர். அண்டைப் படையணிகள் மலர்வளையங்கள் அனுப்பின. நான்கிறக்கைச் சுழலி ஒன்றை வெட்டிச் சிலுவையாக்கித் தலைமாட்டில் நட்டனர். வீரர்கள் வானை நோக்கி மும்முறை சுட்டு வணக்கம் செலுத்தினர். பின்னர் அவருடைய இறப்புச் செய்தியையும் கல்லறையின் படத்தையும் ஜெர்மானியர் எல்லைக்குள் வானிலிருந்து இட்டனர். வானப்போர் நூல்கள் பலவும் இக்காட்சியோடு நிறைவெய்துகின்றன. பகைவனையும் போற்றிய பெருந்தன்மைக்கு இதனை இலக்கணமாகக் காட்டுவது வழக்கம். அது பொய்யன்று.

ஆனால் அன்றிரவு நடந்ததைப் பல நூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஊரார் சிலர் இருளில் இடுகாட்டுக்குச் சென்று கல்லறையைக் கலைத்தனர், சிலுவையையும் சேதப்படுத்தினர். இரவில் வந்து தங்கள் வீடுகளின்மேல் குண்டு வீசியவன் இவனே என்று அவர்கள் நம்பினர் எனக் கூறப்படுகிறது. ரிச்தோபென் குண்டுவீச்சு விமானி அல்லர். விமானத்தோடு விமானம் பொருதவர். எனவே ஊரார் அறியாமையால் செய்தனர் என்று முடித்துவிடலாம். அது எளிதான முடிவு. நியாயமான முடிவு ஆகுமா?

இறந்தவரைத் தீண்டுதல் எந்தச் சமயத்துக்கும் ஒவ்வாத செயல். அதனை யாரும் போற்றமாட்டார். எனினும் அந்த உழவர்களின் இடத்திலிருந்து நோக்குதல் வேண்டும். நான்காண்டுகளாய் அவர்களுடைய நாட்டு மண்ணில்தான் போர் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் போர்முனையில் இருந்தனர். உறவினர் அகதிகளாய்ச் சாலையில் சென்றனர். அவர்களுடைய இடுகாட்டில், அவர்களுடைய முன்னோரின் அருகில், அயல்நாட்டார் மற்றோர் அயல்நாட்டாரை மலர் தூவிப் புதைத்தனர். விமானிகளுக்கு அவர் தம் தொழிலில் வல்லவரான போட்டியாளர். ஊராருக்கோ வானிலிருந்து வரும் அழிவின் உருவம். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் ஒருவருக்கொருவர் கையசைத்துக்கொள்ளும் பண்பு தரையில் இருந்தவருக்கு எட்டியிருக்க வழியில்லை. மலர்வளையமும் கலைந்த கல்லறையும் ஒரே ஊரில், ஒரே நாளில் நிகழ்ந்தவை. ஒன்றை மட்டும் எழுதும் வரலாறு பாதி வரலாறே.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க மற்றொரு கல்லறை வட பிரான்சில் இருக்கிறது. கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் என்னும் இந்திய இளைஞர் பிரிட்டிஷ் வான்படையின் 40 ஆம் படையணியில் சேர்ந்து, 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் பத்து வெற்றிகளைப் பெற்றார். அத்திங்கள் 22 ஆம் நாள், பத்தொன்பது வயதில், வானில் தீப்பற்றி வீழ்ந்தார். அப்போது ஜெர்மானியர் வசமிருந்த எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் பொது இடுகாட்டில் அவர் உறங்குகிறார். அவர் கல்லறைக் கல்லில் பிரஞ்சு மொழியோடு வங்க மொழியும் பொறிக்கப்பட்டுள்ளது. இது மாவீரனின் கல்லறை, மதித்திடுக, தீண்டாதிருக்க என்பது அவ்வங்க வாசகத்தின் கருத்து. வங்க எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் அவ்வூரில் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது.

பெர்தாங்கிளின் போர்க்கதை ரிச்தோபெனோடு முடியவில்லை. அவ்வாண்டுக் கோடையில் ஆஸ்திரேலியப் படையின் தலைவர் ஜான் மோனாஷ், பிரபுக்களின் மாளிகையைத் தம் தலைமையிடமாகக் கொண்டார். ஜூலை 4 ஆம் நாள் அமெல் என்னும் ஊரை 93 நிமிடங்களில் கைப்பற்றிய போரில், முன்னேறிச் சென்ற வீரர்களுக்கு விமானங்களிலிருந்து வான்குடை மூலம் தோட்டாக்கள் இறக்கப்பட்டன. டாங்கிகளின் இரைச்சலைப் பகைவர் கேளாதபடி மறைக்கவும் விமானங்களே பறந்தன. ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெர்தாங்கிளுக்கே வந்து, மாளிகையின்முன் மோனாஷுக்குச் சர் பட்டம் வழங்கினார். நவம்பரில் போர் ஓய்ந்தது. கொட்டகைகள் போயின, ஏர் திரும்பி வந்தது.

ரிச்தோபென் மட்டும் ஓய்வு காணவில்லை. போருக்குப் பின் அவர் உடல் பெர்தாங்கிளிலிருந்து எடுக்கப்பட்டு, பிரிகூர் ஊரில் ஜெர்மானிய வீரர்களுக்கென அமைந்த இடுகாட்டுக்கு மாற்றப்பட்டது. 1925 இல் அவருடைய இளைய சகோதரர் அதனைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசென்றார். அவ்வாண்டு நவம்பரில் பெர்லின் நகரின் படைவீரர் இடுகாட்டில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. 1937 இல் நாஜி ஆட்சி அங்கே பெரிய கல்லொன்றை நாட்டித் தன் பெருமைக்கு அவரைப் பயன்படுத்திக்கொண்டது. பின்னர் பெர்லின் பிளவுற்றபோது, அந்த இடுகாடு இரு பகுதிகளின் எல்லையில் அகப்பட்டது. தப்பியோடுவோரை நோக்கிச் சுடப்பட்ட குண்டுகள் அக்கல்லிலும் பட்டன. 1975 இல் உடல் நான்காம் முறையாகத் தோண்டியெடுக்கப்பட வேண்டியதில்லை என்னும் அளவுக்கு, வீஸ்பாடன் நகரில் அவர்தம் குடும்பக் கல்லறையில் வைக்கப்பட்டது.

ஹாக்கருக்குக் கல்லறை இல்லை. அராஸ் நகரில், புதைகுழி அறியப்படாத விமானிகளுக்காக 1932 இல் திறக்கப்பட்ட நினைவுத் தூணில், ஆயிரத்துக்குச் சற்றே குறைந்த பெயர்களுக்கிடையே அவர் பெயரும் இருக்கிறது. பெர்தாங்கிளிலிருந்து வடகிழக்காகச் செல்லும் வழியில், ஒரு மணி நேரப் பயணத்தில் அதனைக் காணலாம்.